ஒரு மில்லிமீட்டர் எத்தனை பாகை?

ஆம்பூரில் எனக்குப் பழக்கமான பட்டறை ஒன்று உண்டு. வீட்டின் பின்கட்டில் ஓடு வேய்ந்த கொட்டகை. அதற்குள் ஒரு பழைய லேத், ஒரு துளைபோடும் எந்திரம், ஒரு சாணைக்கல். அவ்வளவுதான். பட்டறைக்காரரை எல்லோரும் 'பாய்' என்றே அழைப்பார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் தோலைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்மின் அச்சு தேய்ந்தாலும், பல்சக்கரம் உடைந்தாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

சென்ற கோடையில் ஒரு நாள், எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்து நிறமாலைமானிக்கு ஒரு திருகு செய்து வாங்க அங்கே போயிருந்தேன். அப்போது மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் சாக்குப் பையோடு வந்தார். பைக்குள் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம். பாலாற்றுப் படுகையில் வேலிக்காத்தான் மரம் அறுப்பது அவர் பிழைப்பு. ரம்பம் தவணைக் கடனில் வாங்கியது.

"பாய், சும்மா விட்டா காது கிழியக் கத்துது. மரத்துல வச்சா நின்னுடுது" என்றார்.

"யார் கையை வச்சது?" என்று கேட்டார் பாய்.

மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ஒருவரிடம் "இன்னும் கொஞ்சம் இழுவை வேணும்" என்று கொடுத்தாராம். அவர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே அரத்தால் ராவிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து இப்படித்தான்.

பாய் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். "2 மில்லி ராவியிருக்கார்" என்றார்.

மாணவ நண்பர்களே, 2 மில்லிமீட்டர் என்பது உங்கள் அளவுகோலில் இரண்டு சிறு கோடுகள். அந்த இரண்டு கோடுகள் ஒரு மனிதரின் வேலையை எப்படி நிறுத்த முடியும்? அன்று மாலை வரை நான் அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

தோல் வாசரும் பிஸ்டனும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாசர் ஒன்று இருக்கும். தண்டை அழுத்தும்போது தோல் விரிந்து குழாய்ச் சுவரை அடைத்துக்கொள்ளும். காற்று டியூபுக்குள் போகும். தண்டை இழுக்கும்போது தோல் சற்றே சுருங்கி, ஓரமாகக் காற்றை உள்ளே விடும். காற்றைத் தள்ளுவதும் அதுவே. கதவாகத் திறந்து மூடுவதும் அதுவே.

சங்கிலி ரம்பத்தின் இரு வீச்சு எஞ்சினிலும் இதே சிக்கனம் உண்டு. காரின் எஞ்சினில் காற்று வரவும் புகை போகவும் தனித்தனி வால்வுகள் உள்ளன. இரு வீச்சு எஞ்சினிலோ சிலிண்டர்ச் சுவரில் வெட்டப்பட்ட சில சன்னல்கள்தாம் உண்டு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கும் கதவு. இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் 1891-இல் இவ்வகை எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். அவரிடம் பணியாற்றிய பிரடெரிக் காக் அடுத்த ஆண்டு அதை மேலும் எளிமையாக்கினார்.

சன்னல்கள் மூன்று வகை. அவற்றை உள்வாய், கடத்துவாய், வெளிவாய் என்று அழைப்போம். பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடியிலுள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைகிறது. உள்வாய் திறந்து, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அங்கே புகுகிறது. மேலே தீப்பொறி பட்டுப் பிஸ்டன் கீழே தள்ளப்படும்போது, முதலில் வெளிவாய் திறக்கிறது. எரிந்த வாயு சீறிக்கொண்டு வெளியேறுகிறது. இன்னும் சற்றுக் கீழே கடத்துவாய் திறக்கிறது. கிராங்க் அறையில் அழுந்தியிருந்த புதுக் கலவை சிலிண்டருக்குள் ஏறுகிறது. பிஸ்டன் மீண்டும் மேலேறி இவ்விரு வாய்களையும் மூடிக் கலவையை அழுத்துகிறது. ஒரே சுற்றில் வேலை முடிந்துவிடும்.

இவ்வகை எஞ்சினில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. உயவு எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறோம். ஆகவே ரம்பத்தைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் அது ஓடும். புகைக் கட்டுப்பாடுகள் கடுமையாகி நம் சாலைகளில் புதிய இரு வீச்சு வண்டிகள் நின்றுபோன பிறகும், மரம் வெட்டுபவரின் கையில் இந்த எஞ்சின் நிலைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சன்னலின் மேல் விளிம்பு எங்கே இருக்கிறதோ, அதுதான் அது திறக்கும் நேரத்தை முடிவு செய்கிறது. ஆகவே இந்தச் சிலிண்டர் ஒரு கடிகாரமும் ஆகும். சன்னலை உயர்த்துகிறவர் முள்ளைத் திருப்பி வைக்கிறார்!

காகிதத்தில் ஓர் எஞ்சின்

எவ்வளவு திருப்புகிறார்? இதை நீங்கள் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பாய் அளந்து சொன்ன எண்கள் இவை: சிலிண்டரின் விட்டம் 45 மி.மீ.; பிஸ்டனின் வீச்சு, அதாவது அது மேலிருந்து கீழே ஓடும் தூரம், 32 மி.மீ.; இணைப்புத் தண்டின் நீளம் 55 மி.மீ. பிஸ்டன் பரப்பு 15.9 ச.செ.மீ. என்பதால் கொள்ளளவு ஏறத்தாழ 51 க.செ.மீ.

வரைபடத் தாளில் 16 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். இது கிராங்க் சுற்றும் பாதை. மையத்தின் வழியே மேல்நோக்கி ஒரு நேர்கோடு. இது பிஸ்டன் ஓடும் பாதை. வட்டத்தின் உச்சியிலிருந்து பாகைமானியால் 105 பாகை அளந்து வட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். காம்பசை 55 மி.மீ. அகலம் விரித்து, அந்தப் புள்ளியிலிருந்து நேர்கோட்டை வெட்டுங்கள். பிஸ்டன் அங்கேதான் இருக்கும். உச்சநிலையிலிருந்து அது இறங்கிய தூரம் 22.4 மி.மீ. வரும். இதே வேலையை 100 பாகைக்குச் செய்தால் 21.1 மி.மீ. வரும். (படத்தை நான்கு மடங்கு பெரிதாக வரைந்தால் அளப்பது எளிது.)

5 பாகைக்கு 1.3 மி.மீ. வித்தியாசம். அதாவது இந்த இடத்தில் 1 மி.மீ. என்றால் ஏறத்தாழ 4 பாகை.

அந்த ரம்பத்தின் வெளிவாய் முதலில் 105 பாகையில் திறந்தது. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி அதே உயரத்துக்கு வரும்போதுதான் மூடும். ஆகவே திறந்திருந்த காலம் 150 பாகை. 2 மி.மீ. ராவிய பிறகு அது 97 பாகையிலேயே திறந்தது; திறந்திருக்கும் காலம் 166 பாகையானது. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்துவிட்டது. மேலேறும்போதோ கதவு தாமதமாக மூடியது. அதற்குள் புதுக் கலவையில் ஒரு பகுதி புகையோடு வெளியேறிவிட்டது.

மிச்சக் கலவை எவ்வளவு அழுந்துகிறது? இதற்குப் பாய் ஒரு மருந்தூசிக் குழாயை எடுத்தார். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே எண்ணெய் விட்டு, நிரம்ப எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று பார்த்தார். 6.5 மி.லி. பழைய சன்னலுக்கு மேலிருந்த சிலிண்டர் இடம் 35.6 க.செ.மீ.; எரியறையையும் சேர்த்தால் 42.1. இதை 6.5-ஆல் வகுத்தால் 6.5 மடங்கு அழுத்தம். ராவிய பிறகு சன்னலுக்கு மேல் 32.4 தான், அழுத்த விகிதம் 6.0 ஆகிவிட்டது. அழுத்தமும் குறைவு, தள்ளும் தூரமும் குறைவு. மரத்தில் வைத்தவுடன் எஞ்சின் அடங்கிப் போனதில் வியப்பென்ன?

பந்தய வண்டியின் பாடம்

முதலில் ராவியவரைக் குறை சொல்லிவிட முடியாது. அவர் செய்தது மோட்டார் சைக்கிள்களில் பலன் தந்த வேலைதான். சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் 1980கள் வரை பந்தயங்கள் நடந்தன. அந்தக் காலத்தில் இரு வீச்சு வண்டிகளின் வெளிவாயை உயர்த்துவது பந்தய மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியிலும் இன்றுவரை இதைச் செய்பவர்கள் உண்டு. சாலையில் ஓடும் வண்டியை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு எதிரானது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பைக்கில் பலித்தது ரம்பத்தில் ஏன் பலிக்கவில்லை? விடை கிழக்கு ஜெர்மனியில் இருக்கிறது. ட்சோப்பாவ் என்ற சிற்றூரில் எம்.இசட். நிறுவனத்தின் பந்தயப் பிரிவை வால்ட்டர் காடன் என்ற பொறியியலாளர் நடத்திவந்தார். வசதிகள் மிகக் குறைவு. வெளிவாய் திறந்தவுடன் புகைக்குழாயில் ஒரு அழுத்த அலை ஓடுகிறது என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். குழாயை முதலில் விரிந்து பிறகு குறுகும்படி செய்தால், குறுகும் இடத்தில் அலை எதிரொலித்துத் திரும்பும். கதவு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், வெளியே ஓடிய புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலியேதான்! 1961-இல் அவருடைய 125 க.செ.மீ. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அதே ஆண்டு அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி, அந்த அறிவோடு ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 க.செ.மீ. பிரிவில் சுசுகி வண்டியில் உலகச் சாம்பியன் ஆனார்.

ரம்பத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மரம் அறுக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். வினாடிக்கு 150 சுற்று. நீங்கள் ஒருமுறை கண் இமைப்பதற்குள் 15 சுற்றாவது முடிந்துவிடும். ஒரு சுற்றுக்கு 6.7 மில்லி வினாடி. அதில் 150 பாகைக்கு 2.8 மில்லி வினாடி. சூடான புகையில் ஒலியலை வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும் என்றால், அந்த நேரத்தில் 1.4 மீட்டர் போகும். போய் வர வேண்டும் என்பதால் குழாய் ஏறத்தாழ 70 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். பைக்கில் அதற்கு இடமுண்டு. கையில் பிடிக்கும் ரம்பத்தில் இருப்பதோ உள்ளங்கை அளவுத் தகரப் பெட்டி! வெளியே போன கலவையைத் திருப்பித் தள்ள அங்கே யாருமில்லை. ஆகவே பைக்கின் பாடத்தை ரம்பத்துக்குச் சொன்னது தவறாயிற்று.

மீண்டும் பூச முடியாதா?

"ராவின இடத்துல உலோகத்தை வச்சு அடைச்சு, மறுபடி பூசிட முடியாதா, பாய்?" என்று தொழிலாளி கேட்டார். நல்ல கேள்வி.

அலுமினியம் மென்மையான உலோகம். அதன்மேல் பிஸ்டன் வளையங்கள் நேரடியாக உரசினால் சில மணி நேரத்தில் சுவர் கீறிப்போகும். அதனால் உட்சுவரில் கடின குரோமியம் அல்லது நிக்கல் கலந்த பூச்சு, மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, மின்முலாமாக ஏற்றப்படுகிறது. இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1980களில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் நம் ராணிப்பேட்டையில் சிறிய இரு வீச்சு வண்டிகளைச் செய்தது. அதே நிறுவனத்தின் ஃபியூரி என்ற மோட்டார் சைக்கிளுக்குக் கடின குரோமியம் பூசிய சிலிண்டர்தான் இருந்தது.

குரோமியம் இந்த வட்டாரத்துக்குப் புதிதா என்ன? தோலைக் கெடாமல் காப்பதும் அதன் உப்புத்தானே! ஆனால் தோலுக்குப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம். உலோகத்தில் முலாம் பூசும் தொட்டியில் இருப்பது ஆறிணைதிற குரோமியம். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு. ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. நிலத்தடி நீரைக் கெடுத்ததும் இந்த வகைக் குரோமியம்தான். வீட்டுப் பின்கட்டில் அந்தத் தொட்டியை வைக்கலாகாது.

"தோலை ஷேவிங் மெஷின்ல விட்டு 1.2 மில்லிக்கு இழைக்கணும்னா, 1.0 ஆயிட்டா அந்தத் தோல் போச்சு. ஒட்ட வைக்க முடியாது. இதுவும் அப்படித்தான்" என்றார் பாய்.

இறங்கிவந்த சிலிண்டர்

சன்னலை இறக்க முடியாது. ஆனால் சிலிண்டரையே இறக்கினால்? அப்போது எல்லாச் சன்னல்களும் சேர்ந்து இறங்கும். இதுதான் பாய் கண்ட வழி.

எவ்வளவு இறக்கலாம் என்று அறிய, இரண்டு ஈயப் பற்றாசுக் கம்பித் துண்டுகளைப் பிஸ்டன் தலையில் இருபுறமும் ஓரமாக ஒட்டினார். சிலிண்டரை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினார். நசுங்கிய ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளந்தால் 1.2 மி.மீ. பிஸ்டன் ஓரத்துக்கும் சிலிண்டர்த் தலைக்கும் உள்ள இடைவெளி அது. அடியிலிருந்த காஸ்கெட்டின் கனம் 0.5 மி.மீ.

அவர் போட்ட திட்டம் இது. காஸ்கெட்டை நீக்கிவிட்டு, வெப்பம் தாங்கும் பசையால் அடைப்பது. சிலிண்டரின் அடித்தளத்தில் 0.7 மி.மீ. கடைவது. மொத்தம் 1.2 மி.மீ. இறங்கும். ஆனால் அப்போது இடைவெளி சுழியமாகிப் பிஸ்டன் தலையில் முட்டும். ஆகவே உள்ளே தலையின் ஓர வளையத்தை 0.6 மி.மீ. கடைய வேண்டும். இந்தச் சிலிண்டரில் தலையும் உடலும் ஒரே வார்ப்பு. 45 மி.மீ. துளைக்குள் நீளக் கத்தியை விட்டுக் கண்ணால் பார்க்காமல் கடைய வேண்டும்!

முதலில் அலுமினியத் தண்டு ஒன்றைத் துளைக்குச் சரியாகப் பொருந்தும்படி கடைந்தார். சிலிண்டரை அதில் செருகி, பிளக் துளை வழியே திருகால் இறுக்கினார். சிலிண்டரை வெளியே நெருக்கிப் பிடித்தால் அது நசுங்கி வட்டம் கெடும். இப்படிப் பிடித்தால் கெடாது. அடித்தளமும் துளைக்குச் செங்குத்தாக அமையும். டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்து, முள் அசையாமல் நின்ற பிறகே கத்தியை வைத்தார். "5 தவ், 5 தவ்வா எடுக்கணும்" என்றார். 'தவ்' என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 தவ் ஏறத்தாழ 1 மி.மீ.

இப்போது வெளிவாய் 102 பாகையில் திறந்தது. கடத்துவாயும் இறங்கி, 120 பாகைக்குப் பதில் 126-இல் திறந்தது. புதுக் கலவை ஏற அந்த நேரம் போதாது. கை எந்திரத்தில் சிறு சாணை பொருத்தி அதன் மேல் விளிம்பை 0.8 மி.மீ. உயர்த்தி 122 ஆக்கினார். சாணையைத் துளையிலிருந்து வெளிப்புறமாக மட்டுமே ஓட்டினார்; எதிர்த்திசையில் ஓட்டினால் குரோமியப் பூச்சு உரிந்துவிடும். பிறகு எல்லா விளிம்புகளையும் லேசாக மழுக்கினார். கூரான விளிம்பில் பிஸ்டன் வளையம் சிக்கினால் ஒடிந்துபோகும். உள்வாய் 4 பாகை முன்னதாகத் திறப்பதை அப்படியே விட்டார்.

மறுபடியும் எண்ணெய் விட்டு அளந்தோம்: எரியறை 5.1 மி.லி. சன்னலுக்கு மேல் 34.3. கூட்டி வகுத்தால் அழுத்த விகிதம் 7.7. புதிதாக இருந்தபோது இருந்ததைவிட அதிகம்! ஈயக்கம்பியை மீண்டும் நசுக்கிப் பார்த்ததில் இடைவெளி 0.6 மி.மீ. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஓரத்துக் கலவை இந்தக் குறுகிய இடைவெளியிலிருந்து நடுவை நோக்கிப் பீய்ச்சப்பட்டு, நன்கு கலங்கி, வேகமாக எரியும்.

எங்கே நிறுத்துவது?

கொட்டகைக்கு வெளியே ஒரு புளியங்கட்டை கிடந்தது. தொழிலாளி கயிற்றை இழுத்தார். முன்பு லேசாக வந்த கயிறு இப்போது கையை எதிர்த்தது. எஞ்சின் பிடித்தவுடன் அதைக் கட்டையில் வைத்தார். குரல் சற்றுத் தாழ்ந்தது, ஆனால் நிற்கவில்லை. மரத்தூள் அவர் காலடியில் குவிந்தது.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே, "பாய், இன்னும் ஒரு அரை மில்லி எடுத்தா இன்னும் இழுக்குமா?" என்று கேட்டார்.

"எடுக்க மாட்டேன்" என்றார் பாய்.

காரணத்தை நான் விளக்கினேன். அழுத்தம் கூடினால் வெப்பம் கூடும். கலவை தீப்பொறிக்குக் காத்திராமல் தானே வெடிக்கத் தொடங்கினால் பிஸ்டன் தலை உருகித் துளை விழும். மேலும், வேகமாகச் சுற்றும்போது இணைப்புத் தண்டு மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. தாங்கிகளிலும் சிறு ஆட்டம் உண்டு. 0.6 மி.மீ. அதற்காக விட்டுவைத்த இடம். அதையும் எடுத்துவிட்டால், வேலையின் நடுவே பிஸ்டன் தலையில் முட்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எஞ்சினுக்கும் பொருந்தும்.

"காதுக்குப் பஞ்சாவது வையுங்க" என்று பாய் அவரை அனுப்பினார். பஞ்சு போதாது, காதுக் கவசமே வேண்டும் என்று நான் சொன்னேன். சங்கிலி ரம்பத்தின் ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டும். நாள் முழுதும் கேட்டால் செவித்திறன் திரும்பி வராது. அதுவும் ராவிய உலோகம் போலத்தான்.

மாணவர்களே, சங்கிலி ரம்பம் விளையாட்டுப் பொருளன்று. அதை நீங்கள் தொட வேண்டாம். ஆனால் அதன் காகித எஞ்சினை இன்றே வரைந்து பாருங்கள். 80 பாகைக்கும் 120 பாகைக்கும் பிஸ்டன் எவ்வளவு இறங்குகிறது? ஒரு மில்லிமீட்டர் எல்லா இடத்திலும் 4 பாகைதானா? இல்லையென்றால் ஏன்? விடை கிடைத்தால், அரத்தை எடுப்பதற்கு முன் பாய் ஏன் பாகைமானியைத் தேடினார் என்பதும் உங்களுக்கு விளங்கிவிடும்.